கட்ஆஃப் 195-க்கு மேல் வரும் என்றால் எங்கெங்கே விண்ணப்பிப்பது?

பிளஸ் டூ கணிதப் பிரிவில் நன்றாகப் படிக்கும் மாணவருக்கு நவம்பர் முதல் மே வரை ஏதாவது ஒரு விண்ணப்பம் திறந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போட்டுவைத்தால் பாதுகாப்பு என்று வீட்டில் நினைப்பார்கள். விண்ணப்பக் கட்டணம் சில ஆயிரங்கள். அது பெரிய செலவல்ல. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் படிக்கப் போகும் வாரங்களும், வேறொரு முடிவு தெரியும் முன்பே கட்ட வேண்டிய முன்பணமும்தான் உண்மையான செலவு. அந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாறு விண்ணப்பங்களுக்கு மேல் தேவையில்லை. மருத்துவத்தை இங்கே சேர்க்கவில்லை. நீட் எழுதுபவரின் கணக்கே வேறு.

டிஎன்இஏ: தனியாகப் படிக்க வேண்டாத வழி

டிஎன்இஏ என்பது தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையோடு போய்விட்டது. கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு தலா 50-க்கு, மொத்தம் 200. இதுதான் மாணவரின் கட்ஆஃப். கணிதம் 99, இயற்பியல் 97, வேதியியல் 96 என்றால் 99 + 48.5 + 48 = 195.5. கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் போகும் இரண்டுக்குச் சமம். உச்சியில் அரை மதிப்பெண் இடைவெளிக்குள்ளேயே நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள். சம மதிப்பெண் வந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், எதிலும் பிரியாவிட்டால் கடைசியில் ரேண்டம் எண்.

எல்லோரும் கல்லூரிகளின் முந்தைய ஆண்டு கட்ஆஃபை, அதாவது அங்கே கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைத்தான் தேடுகிறார்கள். அது அவ்வளவு நம்பத்தக்கதல்ல. வினாத்தாள் எளிதாக இருந்து சென்டம் பெருகிவிட்டால் எல்லாக் கல்லூரிக்கும் கட்ஆஃப் ஏறிவிடும். 196-க்குக் கிடைத்த சீட் அடுத்த ஆண்டு 197.5 கேட்கும். கட்ஆஃபுக்குப் பதில், அந்தக் கல்லூரியில் அந்தப் பிராஞ்சு உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்த ரேங்கில் முடிந்தது என்று பாருங்கள். ரேங்க் அவ்வளவாக ஆடாது. பொதுப்பிரிவு 31 சதவீதம், பிசி 26.5, பிசிஎம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 15, எஸ்சிஏ 3, எஸ்டி 1 என்று இருக்கைகள் பிரிவதால் பொது ரேங்க், பிரிவு ரேங்க் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டுதான் பட்டியல் போட வேண்டும். சிஇஜி எனப்படும் கிண்டி பொறியியல் கல்லூரியின் கணினி அறிவியல் பொதுப்பிரிவில் 199-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. 195.5 எடுத்தவர் அதை முதல் விருப்பமாகப் போடலாம், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

விருப்ப வரிசையில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. 'கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்' என்ற பயத்தில் சிலர் கிடைக்கக்கூடியதை முதலில் போடுகிறார்கள். ஒதுக்கீடு உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் ரேங்குக்கு எட்டும் முதல் இடத்தில் நிற்கிறது. மேலே பத்துக் கனவுகளைப் போட்டாலும் பதினோராவது விருப்பத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. கிடைக்கக்கூடியதை மேலே போட்டால்தான் சேதம்: அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே உள்ளதைக் கணினி பார்க்கவே பார்க்காது. விருப்பங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. நல்ல ரேங்க் என்று நாலைந்து மட்டும் போட்டுவிட்டு முதல் சுற்றில் வெறுங்கையோடு நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் தரப்பட்டிருக்கும் கோடு எண்ணையும் கவனியுங்கள். 1 என்றால் சிஇஜி, 2 ஏசிடி எனப்படும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 4 குரோம்பேட்டை எம்ஐடி, 2006 கோவை பிஎஸ்ஜி டெக், 5008 மதுரை தியாகராஜர், 1315 எஸ்எஸ்என். அரசு உதவி பெறும் சில கல்லூரிகளில் ஒரே பிராஞ்சு இரண்டு வரிகளில் வரும். ஒன்று உதவி பெறுவது, மற்றொன்று 'எஸ்எஸ்' என்ற குறியோடு சுயநிதியில் நடப்பது. வகுப்பும் ஆசிரியரும் பெரிதாக மாறாவிட்டாலும் கட்டணம் மாறும். இரண்டையும் அடுத்தடுத்துப் போடலாம், உதவி பெறுவது மேலே இருக்க வேண்டும்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி பிரிவினருக்கு 250. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, அதில் வருபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு ஏற்கும். அப்படிப்பட்ட மாணவர் நல்ல மதிப்பெண்ணோடு இருந்தால், லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் பல்கலைக்கழகத்தை யோசிக்கவே தேவையில்லை.

ஆக, டிஎன்இஏ எல்லோர் பட்டியலிலும் இருக்க வேண்டியது. போர்டுத் தேர்வுக்குப் படிப்பதைத் தவிர அது வேறு எதையும் கேட்பதில்லை.

ஜேஇஇ: ஓர் உழைப்பு, பல கவுன்சலிங்

ஜேஇஇ என்பது ஐஐடி, என்ஐடி போன்றவற்றுக்கான தேசிய நுழைவுத்தேர்வு. அதன் முதல் கட்டமான மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. இரண்டில் சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். 3 மணி நேரம், 75 கேள்வி, 300 மதிப்பெண். தவறுக்கு ஒன்று கழியும். இந்த ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே 31 என்ஐடிகள் (தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள்), ஐஐஐடிகள் (தகவல் தொழில்நுட்பக் கழகங்கள்) ஆகியவற்றின் சேர்க்கை நடக்கிறது. அதில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி 23 ஐஐடிகளுக்குப் போட்டியிடலாம். திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் ஐஐஎஸ்டியும் அட்வான்ஸ்டு ரேங்கைத்தான் எடுக்கிறது, ஆனால் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். ஐஐடி, என்ஐடிகளுக்கான பொதுக் கலந்தாய்வான ஜோசாவின் பட்டியலில் தேடிவிட்டு 'காணோமே' என்று விட்டவர்கள் உண்டு. ஹைதராபாத் ஐஐஐடியும் அப்படித்தான்: மெயின் மதிப்பெண்ணைக் கேட்கும், சேர்க்கை மட்டும் ஜோசாவுக்கு வெளியே.

தமிழ் வழியில் படித்தவருக்கு ஒரு செய்தி. மெயின் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். ஐஐடியைக் குறிவைக்கும் தமிழ் வழி மாணவர் மெயினைத் தமிழில் பழகிவிட்டு மே மாதத்தில் ஆங்கில வினாத்தாளைப் பார்த்துத் திணறுவதைவிட, பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கலைச்சொற்களை இரு மொழியிலும் படித்துக்கொள்வது நல்லது.

என்ஐடிகளில் பாதி இருக்கை அந்தந்த மாநிலத்தவருக்கு. தமிழ்நாட்டு மாணவருக்கு இது திருச்சி என்ஐடியில் மட்டும்தான் பயன். காரைக்காலில் இருப்பது புதுச்சேரி என்ஐடி, பக்கத்தில் இருந்தாலும் நாம் அங்கே வெளி மாநிலத்தவர். திருச்சியில் சொந்த மாநில ஒதுக்கீட்டின் இறுதி ரேங்க் வெளி மாநிலத்தவருடையதைவிடத் தளர்வாகவே இருக்கும், ஆகவே ஜோசா அட்டவணையில் சரியான வரியைப் பாருங்கள். திருச்சி ஐஐஐடி, காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் இரண்டிலும் அந்தச் சலுகை கிடையாது. மாணவிகளுக்குத் தனி வரிசை உண்டு. இருக்கைகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருப்பதால் இறுதி ரேங்கும் தனியாகவே வெளியாகும். பொது வரிசையை மட்டும் பார்த்து 'கிடைக்காது' என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அதிகம் பேர் வழுக்குவது சாதிச் சான்றிதழில். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி நிரந்தரச் சான்றிதழ் டிஎன்இஏ-வுக்குப் போதும், ஜோசாவுக்குப் போதாது. அங்கே கேட்பது ஓபிசி-என்சிஎல், அதாவது இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற சான்றிதழ். அதுவும் மத்திய அரசு வடிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக. மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை, அதை விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். ஜூனில் கலந்தாய்வு ஓடிக்கொண்டிருக்கும்போது தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தால் சான்றிதழ் நேரத்துக்கு வராது. பொதுப்பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், ரேங்க் வீணாகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது ஒன்றுதான் வழி. பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினருக்கான இடபிள்யூஎஸ் சான்றிதழுக்கும் இதே கதைதான்.

ஜேஇஇ யாருக்கு வேண்டாம்? பதினொன்றாம் வகுப்பில் தொடாமல் பிளஸ் டூ பாதியில் ஆரம்பிப்பவருக்கு அட்வான்ஸ்டு கடினம். அந்தச் சில மாதங்களை அதில் கொட்டினால் போர்டுத் தேர்வில் கணிதம் 99-லிருந்து 96-க்கு வரலாம்; டிஎன்இஏ-வில் மூன்று மதிப்பெண் என்பது கல்லூரியையே மாற்றிவிடும். அவர் மெயினை மட்டும், அதுவும் ஏப்ரல் அமர்வை முக்கியமாக வைத்து எழுதலாம். ஜனவரியைப் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டு முறையாகப் படித்தவருக்கு இந்தக் குழப்பமே இல்லை.

ஐஐடி கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம், என்ஐடி 1.25 லட்சம். விடுதியும் உணவும் தனி. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவருக்கும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழ் உள்ளவருக்கும் கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 'ஐஐடி நமக்குக் கட்டாது' என்று சொல்லும் பல வீடுகளுக்கு உண்மையில் தனியார் கல்லூரிதான் கட்டாது.

பிட்ஸ்: வேகமாகப் போடுபவருக்கு

பிட்ஸ் என்ற தனியார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு பிட்சாட். அதன் பாடம் ஜேஇஇ மெயினை ஒட்டியது. கூடுதலாக ஆங்கிலம் 10, தர்க்கத்திறன் 20. மொத்தம் 130 கேள்வி, 180 நிமிடம். கணக்குப் போட்டால் கேள்விக்கு 83 விநாடி. சரிக்கு 3, தவறுக்கு கழித்தல் 1. கடினமான கணக்கைக் கட்டிப்பிடித்து ஐந்து நிமிடம் உட்காருபவர் இங்கே தோற்பார். அவர் அட்வான்ஸ்டில் ஜெயிக்கலாம். அதனால் மெயின் தயாரிப்புக்கு மேல் மூன்று நான்கு வாரம் கடிகாரம் வைத்து மாக் டெஸ்ட் போட்டால் போதும், புதிய பாடம் இல்லை. 130-ஐயும் முடித்தவருக்கு 12 போனஸ் கேள்விகள் உண்டு. அதற்குள் போய்விட்டால் பழைய விடைகளைத் திருத்த முடியாது. பாதி ஊகத்தில் முடித்துவிட்டு போனஸுக்குத் தாவுவது மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்யும்.

பிலானி, கோவா, ஹைதராபாத் மூன்றிலும் சாதிவாரி ஒதுக்கீடு இல்லை, மதிப்பெண் மட்டுமே. ஒதுக்கீடு கிடைக்கும் மாணவருக்கு அதே அளவு உழைப்பில் என்ஐடியில் நல்ல பிராஞ்சு வரலாம். பொதுப்பிரிவு மாணவருக்கு பிட்ஸ் சரியான மாற்று. நான்கு ஆண்டுக்குக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 20 லட்சத்தைத் தாண்டும். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால், பிராஞ்சு எது என்று தெரிந்த பிறகே முடிவெடுங்கள். எம்எஸ்சியோடு பிஇ சேர்ந்த இரட்டைப் பட்டத்தில் முதலாண்டு மதிப்பெண் சராசரியை (சிஜிபிஏ) பார்த்துத்தான் பொறியியல் பிராஞ்சு தருவார்கள். கணினி அறிவியல் கிடைக்கும் என்று நம்பிச் சேருவது பந்தயம்.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சுருக்கமாக. 195-க்கு மேல் வருபவருக்கு இவை காப்பீடு மட்டுமே, ஒன்று போதும். விஐடியில் அதன் நுழைவுத்தேர்வு ரேங்கைப் பொறுத்துக் கட்டண வகை மாறும். முதல் வகைக்கும் ஐந்தாம் வகைக்கும் ஆண்டுக்கு லட்சங்களில் வித்தியாசம். முதல் இரண்டு வகைக்குள் வந்தால் யோசிக்கலாம், ஐந்தாம் வகை என்றால் டிஎன்இஏ வழியாகக் கிடைக்கும் ஒரு நல்ல கல்லூரி மேல்.

அறிவியலில் மனம் இருப்பவருக்கு

கணிதமோ இயற்பியலோ பிடித்தவர், 'முதலில் பொறியியல் முடி, பிறகு பார்க்கலாம்' என்ற அறிவுரையில் நான்கு ஆண்டை இழக்கிறார். ஐஐஎஸ்இஆர் எனப்படும் ஏழு மத்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களிலும் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ். நுழைவு ஐஏடி தேர்வு. 60 கேள்வியில் 15 உயிரியல், 15 வேதியியல், 15 கணிதம், 15 இயற்பியல். பள்ளியில் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் படித்தவருக்கு அந்த 15 உயிரியல் கேள்விதான் பள்ளம். தவறுக்கு மதிப்பெண் கழிவதால், தெரியாததை விட்டுவிட்டு மீதி 45-ல் நன்றாகச் செய்யலாம். அல்லது பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பாடநூலில் செல், மரபியல் பகுதிகளை மட்டும் இரண்டு வாரம் புரட்டலாம். பெங்களூரு ஐஐஎஸ்சியின் நான்காண்டு ஆய்வுப் பட்டமும் ஐஏடி, அட்வான்ஸ்டு மதிப்பெண்ணை ஏற்கிறது, ஆனால் அதற்கு விண்ணப்பம் தனி. தேர்வுக்கு முன்பே மூடிவிடும். ஐஐடி மெட்ராஸின் மருத்துவ அறிவியல்-பொறியியல் பட்டமும் ஐஏடியில்தான்.

சிறுசேரி சிஎம்ஐயும் (சென்னைக் கணிதவியல் நிறுவனம்) கொல்கத்தா, பெங்களூரு ஐஎஸ்ஐயும் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) வேறு வகை. ஐஎஸ்ஐ தேர்வு இரண்டு பகுதி: காலையில் 30 கொள்குறிக் கேள்வி, பிற்பகல் எட்டுக் கணக்குகளுக்கு நிரூபணம் எழுத வேண்டும். ஜேஇஇயில் விடையைத் தொட்டால் மதிப்பெண். இங்கே ஏன் அந்த விடை என்று வரிவரியாக எழுதாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. கோச்சிங்கில் முதலிடம் பிடித்தவர்களே இங்கே தடுமாறுவது இதனால்தான். ஒலிம்பியாட் கணக்குகளைத் தானாகவே தேடிப் போட்டவருக்கு இந்த இரண்டும் கண்டிப்பாகப் பட்டியலில் இருக்க வேண்டும். மற்றவருக்கு வெறும் தேதிச் சுமை.

பணம் கட்டும் வரிசை

பிரச்சினை தொடங்குவது மே மாதத்தில். தனியார் பல்கலைக்கழகம் முதலில் பணம் கேட்கும். அப்போது அட்வான்ஸ்டு முடிவும் வராது, டிஎன்இஏ பதிவும் முடிந்திருக்காது. ஜூனில் ஜோசா தொடங்கி ஜூலை நடுவில் முடியும். டிஎன்இஏ ஒதுக்கீடு ஏறக்குறைய அப்போதுதான் ஆரம்பிக்கும். என்ஐடி சீட்டை வைத்துக்கொள்வதா, சிஇஜிக்குக் காத்திருப்பதா என்பதை டிஎன்இஏ ஒதுக்கீடு தெரியாமலே முடிவு செய்ய வேண்டிவரும். உதவுவது டிஎன்இஏ ரேங்க் பட்டியல்தான். அது ஒதுக்கீட்டுக்கு முன்பே வந்துவிடும். முந்தைய ஆண்டின் இறுதி ரேங்கோடு ஒப்பிட்டால் ஓரளவு தெரிந்துவிடும். ஜோசாவிலிருந்து விலகக் கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று வரைதான் அனுமதி. அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள்.

ஜோசாவில் 'ஃப்ளோட்' கொடுத்தால் மேல் விருப்பம் கிடைத்தவுடன் பழைய சீட் தானாகப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. எனவே மேலே இருப்பவை உண்மையிலேயே மேலானவையா என்று பார்த்துவிட்டு ஃப்ளோட் கொடுங்கள். அதே கல்லூரியில் மேல் பிராஞ்சு மட்டும் போதும் என்றால் 'ஸ்லைடு'. போதும் என்றால் 'ஃப்ரீஸ்'. இன்னொன்று: ஐஐடி சீட்டை ஏற்றுக்கொண்டவர் அடுத்த ஆண்டு அட்வான்ஸ்டு எழுத முடியாது. ஓராண்டு மறுபடி எழுதும் எண்ணம் இருந்தால் பிடிக்காத பிராஞ்சை 'சும்மா' ஏற்றுவைக்கக் கூடாது.

கட்டிய பணம் திரும்புமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) விதிப்படி, 2024-25 சேர்க்கைக்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும், அதன்பின் அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் கழிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் தேதி அறிவிக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட சீட் எட்டினால்

சிஇஜி கணினி அறிவியல், திருச்சி என்ஐடி மெக்கானிக்கல், பாலக்காடு ஐஐடி சிவில் மூன்றும் ஒருவரின் ரேங்குக்கு எட்டினால்? மென்பொருள் வேலைதான் குறி என்றால் சிஇஜி. பெயருக்காக ஐஐடி போய் நான்கு ஆண்டு பிடிக்காத பாடத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. முதலாண்டு முடிவில் பிராஞ்சு மாறும் வழியைப் பல ஐஐடிகள் நிறுத்திவிட்டன. மெக்கானிக்கல் உண்மையாகவே பிடிக்கும் என்றால் திருச்சி. பாலக்காடும் திருப்பதியும் 2015-இல் தொடங்கியவை. ஆய்வும் மேற்படிப்பும் நோக்கம் என்றால் சிறிய வகுப்பு நல்லதே, வளாக வேலைவாய்ப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் மூத்த கல்லூரிகளுக்கு முன்னாள் மாணவர் பலம் அதிகம்.

வேலைவாய்ப்பைப் பார்க்க விளம்பரத்தில் வரும் 'அதிகபட்சச் சம்பளம்' எதற்கும் உதவாது. கல்லூரிகள் மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்கு அனுப்பும் தரவைத் தங்கள் தளத்திலேயே வெளியிட வேண்டும். அதில் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை). எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதும் அதில் இருக்கும், அவர்களைக் கழித்துவிட்டு விகிதம் போடுங்கள். இது பிராஞ்சு வாரியாக வராது. அதற்கு அந்தத் துறையில் இப்போது நான்காம் ஆண்டில் இருக்கும் இரண்டு மாணவர்களைக் கேட்க வேண்டும்: கேம்பஸுக்கு வந்த கம்பெனிகளில் எத்தனை உங்கள் பிராஞ்சை உட்கார விட்டன? மெக்கானிக்கலையும் சிவிலையும் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கேள்வி கட்டாயம்.